செல்லக்கிளி வாசலை மறித்த நாள்

செல்லக்கிளி தொட்டிலில் கிடந்தபோது வைத்த பெயர் அது. வைத்தவர்கள் மேல் குற்றமில்லை. முப்பது வயதில் அவள் நூற்றுப் பதினெட்டு கிலோ. போடியிலிருந்து குரங்கணிக்கு ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுபவன் அவள் புருஷன் சுருளிவேல். அவள் முன்சீட்டில் ஏறினால் பின்னால் இருக்கிறவர்கள், "அண்ணே, லோடு ஏத்தியாச்சு, கெளம்புவமா" என்பார்கள். அவளும் திரும்பி, "லோடு எறங்கித் தள்ளுனாத்தாண்டா இந்த ஜீப்பு மேடு ஏறும்" என்பாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. கடைசி ஆறு வருஷமாக மாதவிலக்கே வரவில்லை. அந்த வீட்டில் மற்றப் பெண்கள் தீட்டானால் மூன்று நாள் வெளிச்சாய்ப்பில் உட்காருவார்கள். யாரும் தொடமாட்டார்கள், சோலி சொல்லமாட்டார்கள். செல்லக்கிளிக்கு அந்த லீவும் இல்லை. வருஷம் முழுக்க அடுப்படிதான்.

மதுரை டாக்டரம்மா, "இந்த எடையில பிள்ளைக்கு ஊசி போட்டாலும் பிரயோஜனம் இல்லம்மா" என்றார். பட்டினி கிடந்தாள், போன எடை சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மெட்ராசில் இரைப்பையைச் சுருக்கித் தைக்கும் ஆபரேஷன் புதிதாகச் செய்கிறார்கள் என்று விசாரித்துச் சொன்னவள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயபாக்கியம். எண்பத்தைந்து பங்குனியில், பிறந்த வீட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு போய்ச் செய்துகொண்டாள். "சோறு கொறைக்க வயித்த அறுத்தவள நான் எங்கயும் பாக்கல" என்று மாமியார் குருவம்மாள் தெருவெல்லாம் சொன்னாள்.

மெட்ராஸ் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பதினெட்டு மாதம் கழித்துத்தான் பிள்ளைக்கு வைத்தியம். அதுவரை உண்டாகவே கூடாது. அரைக் கரண்டிக் கஞ்சியில் நிறைகிற வயிறு இரண்டு உயிருக்குப் போதாது.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம், முப்பத்தைந்து கிலோ இறங்கியிருந்த ஒரு காலையில், மாதவிலக்கு வந்தது. செல்லக்கிளி கழுவிய பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாய்ப்பில் போய்க் கால் நீட்டினாள். அடுத்த மாதமும் நீட்டினாள். அவளுக்கு அது திருவிழா. குருவம்மாளுக்கோ, இந்த மாதமும் பிள்ளை இல்லை என்று ஊருக்குப் போடும் தண்டோரா.

ஐந்தாவது தடவை வருவதற்குள் கிழவி, மகனுக்குச் சிலமலையில் இரண்டாவதாகப் பெண் பேசிவிட்டாள். சுருளிவேல், "ஆத்தா சொல்லுது" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கினான்.

பெண் வீட்டார் பூப்பழத் தட்டோடு வந்த காலையில் செல்லக்கிளிக்கு இரண்டாம் நாள். சாய்ப்பில் இருக்க வேண்டியவள், சாக்கை இழுத்துவந்து தலைவாசலில் போட்டுக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்தாள். தீட்டுக்காரியைத் தாண்டித் தட்டு உள்ளே போக முடியாது. தொட்டுத் தள்ளவும் முடியாது.

"எந்திரிடி" என்று குருவம்மாள் பல்லைக் கடித்தாள்.

"கையக் குடுங்கத்தே, எந்திரிக்கிறேன்."

குருவம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பெண்ணின் தாய் ராமுத்தாய் முன்னால் வந்தாள். "என்ன தாயி, வழிய மறிச்சுக்கிட்டு?"

"ரெண்டாம் நாளுக்கா. ஆறு வருசமா வராதது, அஞ்சு மாசமாத் தேதி தப்பாம வருது. புரட்டாசியில வைத்தியம் ஆரம்பிக்கிறாக. அதுவரைக்கும் புள்ள வேணாம்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. இதெல்லாம் ஒங்கட்டச் சொன்னாகளா?"

"மலடின்னுல்ல சொன்னாக." ராமுத்தாய் குருவம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு இவ ஒண்ணு பெத்துட்டா எம்மக எங்க மதினி போவா?" பதிலுக்குக் காத்திராமல் தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தாள்.

வாசலுக்கு எதிரே நின்ற ஜீப்புக்கு அடியிலிருந்து ஒரு குரல் முனகியது: "புரட்டாசிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"சத்தமாச் சொல்லுய்யா. ஒங்காத்தாளுக்குக் கேக்கல."

சுருளிவேல் வெளியே வந்து, எழுந்து நின்று, சத்தமாகச் சொன்னான்.

குருவம்மாள் வெகுநேரம் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். கடைசியில், "ஊசி போட்டும் வராட்டி?" என்று கேட்டாள். குரலில் சண்டை குறைந்திருந்தது.

"வராட்டி வரல. அப்பயும் நான் இந்த வீட்டுலதான் இருப்பேன்" என்றாள் செல்லக்கிளி. "கொல்லப்பக்கமாப் போயி ஒரு செம்பு தண்ணி கொண்டாங்கத்தே. மேல பட்டுறாம வையுங்க."