தேவராஜன் எழுந்தால் மெதுவான பாட்டு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் இசையைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் நான். ஆனால் ஒரு ஜாஸ் பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. முதல் அரை நிமிடம் கேட்பேன், "ஆகா" என்பேன், பிறகு அதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கப் புத்தகத்துக்குப் போய்விடுவேன். இந்தத் தகுதியோடுதான் கீழ்க்கட்டளையில் ஒரு ஸ்விங் நடனப் பள்ளியில் பாட்டுப் போடும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதற்கு முன் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் போல்ட், நட்டு வழங்கிக்கொண்டிருந்தேன். வி.ஆர்.எஸ். வாங்கி வந்த பிறகு, "அவர் வீட்லதான் இருக்கார்" என்று என் மனைவி போனில் சொல்லும்போது, குரலில் நோயாளியைப் பற்றிச் சொல்லும் இரக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. சனி, ஞாயிறு மாலைகளில் டான்ஸ் கிளாஸில் மியூசிக் பார்த்துக்கொள்ள ஆள் தேவை.

பள்ளியை நடத்துபவர் ஷெரின். தாம்பரத்துப் பெண். பெங்களூரில் வேலை பார்த்தபோது இந்த நடனத்தைக் கற்றுக்கொண்டவர். என் மகளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம்.

"அங்கிள், ஸ்விங் மியூசிக்லாம் கேப்பீங்களா?"

"முப்பது வருஷமா" என்றேன்.

"சூப்பர். நாளைக்கே வந்துடுங்க."

மாடிப்படி இறங்கும்போதே அந்த முப்பது வருஷத்தை அரை அரை நிமிடமாகக் கூட்டிப் பார்த்தேன். அன்று தொடங்கிய பயம் எப்படியெல்லாம் வளர்ந்தது என்று எழுதிவைத்தால், இந்த வேலைக்கு வரப்போகிற யாராவது ஒருவர் பிழைத்துக்கொள்வார்.

1. முதல் நாள்

பள்ளி என்பது ஃபர்னிச்சர் கடைக்கு மேலே ஒரு ஹால். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, எதிர்ப்பக்கம் கனமான திரை போட்ட ஜன்னல்கள். மூலையில் எனக்கு ஒரு மேஜை, ஒரு லேப்டாப், இடுப்புயர ஸ்பீக்கர்.

ஸ்விங் என்பது ஜோடியாகக் கைகோத்து ஆடுகிற பழைய அமெரிக்க நடனம். ஜோடியில் ஒருவர் நடத்துவார், மற்றவர் தொடர்வார். கற்க வந்திருந்தவர்களில் மேடவாக்கத்துத் தம்பதிகள் சிலர், கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் சிலர். எல்லாரும் முதல் ஸ்டெப்பிலேயே தங்கள் காலைத் தாங்களே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விமர்சகர்கள் ஒருமனதாகப் புகழ்ந்திருந்த ஒரு பாட்டைப் போட்டேன். டிரம்பெட் தீப்பிடித்த மாதிரி ஓடியது. மக்கள் சிதறினார்கள். ஒரு பையன் தன் ஜோடியை விட்டுவிட்டுக் கண்ணாடியில் போய் முட்டினான்.

"அங்கிள், யாரைத் துரத்துறீங்க?" என்றார் ஷெரின்.

வகுப்பு முடிந்ததும் என் மேஜைக்கு வந்து பாடம் நடத்தினார். என் புத்தகங்கள் எதிலும் இல்லாத பாடம்.

"புதுசா வர்றவங்களுக்கு டிரம்பெட்லாம் காதுலயே விழாது அங்கிள். பாஸ்னு அடியில ஒரு பெரிய தந்தி வாத்தியம், அது தும் தும்னு நடக்கிற சத்தம் கேட்கணும். கேட்கலைன்னா காலை எங்க வைப்பாங்க? ஸ்பீடு, வேகமா நடக்கிற அளவு போதும். ஓடக் கூடாது. அப்புறம் மூணு நிமிஷத்துக்கு மேல பாட்டு வேணாம். தெரியாதவங்க கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது நம்ம ஊர்ல அவ்வளவு நேரம்தான் தாங்கும்."

கடைசியாக ஒன்று சொன்னார். பாட்டு ஆரம்பித்துவிட்டால் ஜோடியைப் பாதியில் விட்டுப் போகக் கூடாது, அது இந்த நடனத்தின் மரியாதை. அதேபோல, பாட்டுப் போடுகிறவன் பாட்டைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இரண்டுக்கும் தலையாட்டினேன்.

பாட்டின் வேகத்தைப் பார்க்க போனில் ஒரு ஆப் காட்டினார். பாட்டோடு சேர்ந்து திரையில் விரலால் தட்டினால், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று அது சொல்லும். வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் தட்டிப் பழகினேன். "மேஜை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

அடுத்த வகுப்பில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ்ப் படங்களில் கிளப் டான்ஸ் பாட்டுகள் இருக்கின்றனவே, அவற்றில் அசல் ஸ்விங் தாளம் ஓடுகிறதே என்று ஒன்றைப் போட்டேன். பல்லவியில் எல்லார் முகத்திலும் வெளிச்சம். அதோடு எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். வாய் வேலை செய்தால் கால் நின்றுவிடும் என்று அன்றுதான் தெரிந்தது. சரணத்தில் தாளம் வேறு மாறியது. நம் இசையமைப்பாளர்களுக்கு ஒரே தாளத்தில் ஒரு பாட்டை முடிப்பது கௌரவக் குறைச்சல் போலும். ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்கள்.

2. மாடிப்படியில் தேவராஜன்

தேவராஜன் கோவிலம்பாக்கத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். அறுபதைத் தொட்டவர். மனைவி மல்லிகாவோடு வருவார். வழக்கப்படி ஆண் நடத்த வேண்டும். இவர்களில் மல்லிகாதான் நடத்தினார், அதில் இருவருக்குமே புகார் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு முன் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"சார், ஒரு விஷயம். மனசோட வச்சுக்கோங்க. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்டு கீது. பாட்டு கொஞ்சம் பாத்துப் போடுங்க."

படியில் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.

"ஷெரின்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா அனுப்பிடும் சார் அந்தப் பொண்ணு. சொல்லிட்டேன்னு மல்லிகாகிட்ட ஒரு பொய் வுட்டு வச்சிக்கிறேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நடக்கச் சொன்னாரு. எங்க ரோட்ல நடந்தா ஹார்ட்டு வரிக்கும் போவவே வேணாம் சார், தண்ணி லாரியே முடிச்சுடும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அவ என்னைக் கண்ணாடி கிளாஸ் மாதிரி புடிச்சிகினு கீறா சார். எதிரா ஒரு வார்த்தை பேசறது இல்ல. சண்டையே போடறது இல்ல. இங்க வந்தாத்தான் இழுக்கிறா, தள்றா, 'தப்பா வைக்காதய்யா காலை'ன்னு திட்டறா. இத்த மட்டும் கெடுத்துடாதீங்க."

பாட்டைப் பார்த்துப் போடுகிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று முதல் என் தூக்கம் போயிற்று. பாட்டுக்கும் நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்றுதான் கணக்கு, நெஞ்சுக்கும் அதே கணக்கு. லேப்டாப்பில் ஒரு பாட்டைத் தொடும்போதெல்லாம் ஒரு மனிதரின் இதயத்தை விரலால் அழுத்துகிற மாதிரி இருந்தது. ஸ்டோர்ஸில் தப்பான அளவு போல்ட் கொடுத்தால் திருப்பிக் கொண்டுவருவார்கள். இங்கே எதைத் திருப்பிக் கொண்டுவருவது?

வேகமான பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்தேன். மிஞ்சியவை எல்லாம் உருண்டு படுத்துக்கொள்ளத் தோதானவை. கார்த்திக் என்ற ஐ.டி. பையன் வந்து, "சார், இது டான்ஸா, பஜனையா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற அவன் நண்பன், "மச்சான், பஜனைல கடைசியிலயாவது ஸ்பீடு ஏறும்டா" என்றான்.

ஷெரினிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "வயசானவங்களும் வர்றாங்க இல்லையா, அதான் கொஞ்சம்…"

"அங்கிள், உங்களுக்கு முடியலைன்னா சேர் போட்டு உக்காந்துக்கோங்க. பாட்டு உக்காரக் கூடாது."

சொல்லியிருக்க வேண்டும், அப்போதே. வாய் வரை வந்தது. ஹாலின் நடுவில் மல்லிகா கணவரைப் பார்த்து, "யோவ், அது ரைட்டு காலா?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

3. அந்தச் சனிக்கிழமை

நகரத்திலிருந்து வெளி ஆட்களும் வந்து ஆடுகிற மாலை ஒன்றை ஷெரின் ஏற்பாடு செய்தார். இதற்கு சோஷியல் என்று பெயர். வகுப்பு கிடையாது, பாட்டும் ஆட்டமும் மட்டும்.

ஒரு திட்டம் போட்டேன். தேவராஜன் உட்கார்ந்தால் வேகமான பாட்டு, எழுந்தால் மெதுவான பாட்டு. அவர் தண்ணீர் குடித்தால் எனக்கு மூச்சு வந்தது. அவர் நாற்காலிக் கையில் உள்ளங்கையை ஊன்றினால் எனக்கு வியர்த்தது. திட்டம் நன்றாகவே நடந்தது. இளசுகள் குதித்தார்கள், ஷெரின் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு தேவராஜன் எழுந்தார். நான் ஒரு பாட்டைத் தொட்டேன். அழகான பியானோ, நிதானமான பாஸ், தலைவாழை இலை முன் உட்கார்ந்த மாதிரி ஒரு அமைதி. முந்தின நாள்தான் வீட்டில் கேட்டுத் தேர்ந்தெடுத்திருந்தேன். வழக்கம்போல முதல் அரை நிமிடம்.

ஒரு நிமிடம் தாண்டியதும் டிரம்ஸ்காரர் விழித்துக்கொண்டார். வேகம் இரட்டித்தது. ஊதுகிறவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்று ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். கூட்டம் "ஹோ" என்றது. தேவராஜனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது. மல்லிகா சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். ஜோடியைப் பாதியில் விடக் கூடாது என்ற மரியாதையை இவ்வளவு ஒழுக்கமாகக் கடைப்பிடிக்கும் மாணவர்கள் வேறு யாரும் அந்த ஹாலில் இல்லை.

லேப்டாப்பை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பாட்டு நின்றிருக்கும். பாதியில் நிறுத்தக் கூடாது என்பது மண்டையில் அப்படி ஏறியிருந்தது, கை அங்கே போகவில்லை. கரண்ட் போனால் யாரையும் குறை சொல்ல முடியாதே என்று தோன்றியது. பின்னால் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன்.

விளக்கு அணைந்தது. மின்விசிறிகள் நின்றன. பாட்டு நிற்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கரண்டை நம்பாமல் பேட்டரி வைத்த ஸ்பீக்கராகப் பார்த்து ஷெரின் வாங்கியிருந்தார். லேப்டாப்பும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரை போட்ட ஹாலில் கும்மிருட்டு. இது ஏதோ ஸ்பெஷல் ஏற்பாடு என்று நினைத்து ஜனங்கள் விசிலடித்து இன்னும் வெறியாக ஆடினார்கள். இதுவரை அந்த மனிதரின் முகமாவது எனக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை, காற்றும் இல்லை. நானே இரண்டையும் நிறுத்தியிருந்தேன்.

"தேவராஜன்! உக்காருங்க!" என்று கத்திக்கொண்டே இருட்டுக்குள் ஓடினேன். யாரோ என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பினார்கள். அடுத்தவர் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் நான் ஆடிய ஒரே நடனம் அதுதான். ஒரு மணிக்கட்டு அகப்பட்டது. நாடியைத் தேடினேன். குதிரை ஓட்டம். "தேவராஜன், படுத்துடுங்க!" என்றேன். "சார், நான் கார்த்திக்" என்றது குரல்.

பாட்டு தானாக முடிந்தது. யாரோ மெயினைப் போட்டார்கள். தேவராஜன் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பற்கள் எல்லாம் தெரிந்தன. மல்லிகா முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு, "கடைசில ரெண்டு ஸ்டெப்பு முழுங்கிட்ட" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்தே ஷெரினிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. தேவராஜனையும் என்னையும் சேர்த்தே திட்டினார். மல்லிகா கணவரைத் தனியே திட்டினார். ரொம்ப நாள் சேர்த்துவைத்த திட்டு அது. அந்த மனிதர் அதை அவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வந்தார்கள். ஆடலாம், நடுநடுவே உட்கார வேண்டும், நெஞ்சில் லேசாக ஏதாவது தோன்றினாலும் உடனே நிறுத்த வேண்டும். ஷெரின் ஜன்னலோரம் அவர்களுக்கென்று இரண்டு நாற்காலிகள் போட்டார். முடியாதபோது பாதிப் பாட்டில் போய் உட்காருவதும் மரியாதைதான் என்று எல்லாருக்கும் சொன்னார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்தப் பாட்டையும் கடைசி வரை கேட்காமல் போடாதீர்கள். யாருடைய உடம்பைப் பற்றிய ரகசியத்தையும் ஆசிரியருக்குத் தெரியாமல் தனியாகச் சுமக்காதீர்கள்.

ஒரு நாள் படி இறங்கும்போது தேவராஜனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் பாட்டு அவ்வளவு வேகமாப் போகும்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"வேகமாவா போச்சு?" என்றார் அவர். "எனக்கு இன்னா சார் தெரியும்? மல்லிகா கைய அமுக்குவா, நான் காலத் தூக்குவேன். பாட்ட எவன் கேட்டான்?"