டேக் கன்னில் பூத்த மரம்

ஜெர்மனியில், எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் அம்மாவின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் நின்று என் கணவர் படம் எடுத்துக்கொண்டார். இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்த மரம். கிராப் ஆப்பிளாம். பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமாம், தின்ன லாயக்கில்லை, பூவுக்காகவே வளர்ப்பதாம். ஊர் திரும்பியதும் அதே மரம் நம் வாசலிலும் வேண்டும் என்றார். இமாச்சலத்திலிருந்து பார்சலில் ஒரு குச்சி வந்து சேர்ந்தது. குழி தோண்ட ஆள் விட்டதோடு அவர் வேலை முடிந்தது.

மீதி நாலு வருஷமும் என் தலையில். சேவூர் ரோட்டில் எங்கள் போர் தண்ணீர் உப்பு; குடிக்க வரும் ஆற்றுத் தண்ணீரை ஒரு குடம் ஒதுக்கி ஊற்றினேன். சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை கட்டினேன். குளிர் பட்டால்தான் இது பூக்கும், உங்கள் ஊரில் ஏது குளிர் என்று நர்சரிக்காரர் போனில் சிரித்தார். பிறகு ஒரு வழி சொன்னார். மார்கழியில் தண்ணீரைக் குறைத்து, இலை முழுவதையும் கையால் பறித்துவிட்டால், மரம் குளிர்காலம் வந்ததாக நம்பிவிடுமாம். வருஷா வருஷம் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வோர் இலையாகப் பறித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

நாலாம் வருஷம் மாசியில் மொட்டு விட்டது. ஏழு. சிவந்து, தீக்குச்சி முனை போல இருந்தன. பிள்ளை பெற்ற சந்தோஷம் எனக்கு. கம்பெனிக்குப் புறப்பட்டவரை நிறுத்தி, "ஏனுங்க, ஏழு மொட்டு உட்ருக்குதுங்க" என்றேன்.

"ஏழ வெச்சுட்டு நாக்கு வழிக்கறதா?" என்றார்.

அவர் கவலை வேறு. மரம் பூத்துக் குலுங்குகிறது என்று பையர் அம்மாவுக்கு இரண்டு வருஷமாக மெயில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துணி சாயப்பட்டறையில் ஊறிக்கொண்டிருக்கும்போதே பேக்கிங் நடக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய். அந்த அம்மா அந்த வாரமே நேரில் வருவதாக இருந்தது.

அந்த அம்மா வந்த அன்று காலை எனக்குப் பல்லடத்தில் ஒரு காதுகுத்து. போய்விட்டு மதியம் திரும்பினேன். கேட்டைத் திறந்ததும் மரம் முழுக்க இளஞ்சிவப்பு. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது. கிட்டே போனால் துணி. கட்டிங்கில் மிஞ்சிய பனியன் துணியைப் பூவாக வெட்டி, கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் நாலு பேரை வரவழைத்து, டேக் கன்னால் கிளைகளில் குத்த வைத்திருந்தார் இவர். சட்டையில் விலைச்சீட்டைப் பிளாஸ்டிக் நரம்பால் மாட்டுகிறோமே, அந்த ஊசியால். அது முற்றிய கிளையில் இறங்காது. இளங்கொம்பில்தான் இறங்கும். மொட்டு இருந்ததும் அங்கேதான்.

சாயங்காலம் பையர் அம்மா வந்தார். ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார், படம் எடுத்துக்கொண்டார். இவரும் கூடச் சிரித்தார். நாலு வருஷம் நானே வளர்த்தேன் என்று இவர் இங்கிலீஷில் சொன்னது, காபி டம்ளரோடு நின்ற எனக்கும் புரிந்தது.

அந்த அம்மா கிளம்பியதும் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு துணிப்பூவாக அறுத்தேன். ஏழு மொட்டில் நாலில் ஊசி ஏறியிருந்தது. மற்ற மூன்று, அந்தப் பெண்கள் கை பட்டு உதிர்ந்து மண்ணில் கிடந்தன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காட்டிய இடத்தில் குத்துவதுதான் அவர்கள் வேலை.

இரண்டு மாதத்தில் அந்த அம்மாவிடமிருந்து ஆர்டர் வந்தது. குழந்தைகள் ஃபிராக், கழுத்தில் அதே துணிப்பூ. "பாத்தியா, உன்ற மரம் சோறு போட்ருச்சு" என்றார் இவர். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த மார்கழியில் நான் ஸ்டூலை எடுக்கவில்லை. மரம் இலை இலையாகத் தழைத்து நிற்கிறது. பையர் அம்மா மாசியில் மறுபடி வருகிறாராம். ஏன் இன்னும் இலை பறிக்கவில்லை என்று இவர் நேற்று சாப்பிடும்போது கேட்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"எத்தன பூ வேணுமோ, தெச்சுக்குங்க."