கவுகாத்தியில் இருந்த அப்பா

பெற்றோர் கூட்டம் என்றால் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, பிள்ளைக்குப் புவியியல் பிடிக்கிறது, என்ன புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம் டீச்சர் என்று கேட்பார். நல்ல அட்லஸ் ஒன்று, மழை, காற்று, மண் பற்றி எளிதாகச் சொல்லும் புத்தகம் ஒன்று, கிடைத்தால் ரயில்வே கால அட்டவணை ஒன்று என்பேன். மூன்றாவதைக் கேட்டதும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த மூன்றும்தான் என்னை டீச்சராக்கின. என் அம்மாவைத் திண்டிவனத்து வெயிலில் வாயடைத்து நிற்கவைத்ததும் அவைதான்.

விழுப்புரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். அப்பா லாரி டிரைவர். நான் ஆறாவது படிக்கும்போது லோடு ஏற்றிக்கொண்டு போனவர் அப்புறம் வீட்டுக்கு வரவேயில்லை. எங்கே என்று கேட்டால் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். பதில் சொன்னதெல்லாம் அம்மாவின் தம்பி, என் மாமா. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். வடக்கே போய்வரும் டிரைவர்கள் அப்பாவைப் பற்றி அவரிடம் சேதி சொல்வார்களாம். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, பழைய பேப்பர் கடையிலிருந்து மூன்று புத்தகங்களையும் பொறுக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் அட்லஸை விரித்துக்கொண்டு மாமாவுக்காகக் காத்திருப்பேன். "உங்க அப்பா இப்ப நாக்பூர் தாண்டிக்கினு இருப்பாரு" என்பார். நான் பென்சிலால் புள்ளி வைப்பேன். அங்கே இப்போது மழையா வெயிலா என்று இரண்டாவது புத்தகத்தில் பார்த்து அம்மாவிடம் சொல்வேன். மாமா எட்டாவதோடு நின்றவர், அவருக்கு ஊர்ப் பெயர்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. ஒரு வாரம் அப்பாவை அந்தமானுக்கே அனுப்பிவிட்டார். நடுவில் கடல் இருக்கிறதே என்று மடக்கினேன். லாரியைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். நானும் கடலில் ஒரு புள்ளி வைத்தேன்.

அப்பா கவுகாத்தியில் இருப்பதாக மாமா சொன்ன மறுநாள், புது அட்லஸ் வாங்கித் தருகிறேன் என்று அம்மா என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனாள். விழுப்புரத்தில் கிடைக்காத அட்லஸா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடை சட்டையைப் போட்டுவிட்டு, தலை நிறையப் பூவும் வைத்துவிட்டாள். ஒரு கடையில் அட்லஸை வாங்கினோம். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பாமல் வேறொரு தெருவுக்குள் நடந்தாள். தெருமுனையில் மளிகைக் கடை வாசலில் ஒருவர் ஒரு சின்னப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அங்க பாரு" என்றாள் அம்மா. "யாருன்னு தெரியுதா?"

அதே மீசை, தோளைச் சாய்த்து நிற்கும் அதே நிற்பு. கூப்பிட வாய்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் கவுகாத்தி ஞாபகம் வந்தது. அங்கிருந்து சென்னைக்கு ரயிலே இரண்டு ராத்திரிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. லாரி எப்படி ஒரே நாளில் வரும்?

"அப்பா மாதிரியே இருக்காரு. ஆனா அப்பா இல்லம்மா" என்றேன். கால அட்டவணையின் பக்கம்வரை சொல்லி விளக்கினேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அவர் மிட்டாய் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த அவள் பிடி தளர்ந்தது. "நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். வந்த வழியே திரும்பி நடந்தோம்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் மாமா உண்மையைச் சொன்னார். அப்பா எந்த வடக்குக்கும் போகவில்லை. திண்டிவனத்தில் அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அம்மா எத்தனையோ முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. தெருவில் நான் "அப்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் மனசு இளகி வந்துவிடுவார் என்றுதான், யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கு என்னை அழைத்துப் போயிருக்கிறாள்.

அன்றைக்கு எனக்கு அது எங்கே தெரியும்? திரும்பும் பஸ்ஸில் புது அட்லஸின் தமிழ்நாட்டுப் பக்கத்தைத் திறந்து இரண்டு ஊரையும் தேடினேன். என் கட்டைவிரலை வைத்தால் இரண்டுமே மறைந்துபோயின. "எவ்ளோ கிட்ட பாரும்மா" என்று காட்டினேன்.

"கிட்டதான்" என்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து, எட்டி ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன்.