விழவேயில்லை என்றேன்

என் மனைவி மலைமேல் இருக்கும் கரியாலூர் பள்ளியில் டீச்சர். மலைப் பிள்ளைகள் பாடியதும் கதை சொன்னதுமாக ஆறு வருட வீடியோக்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து அதை எடுத்துவர என்னை அனுப்பினாள்.

"துணியில சுத்தி எடுத்துக்கினு வாங்க" என்றாள். நான் பிளாஸ்டிக் கவரில் போட்டு பைக்கில் மாட்டினேன். கொண்டை ஊசி வளைவில் கவர் அறுந்து, டிஸ்க் ரோட்டில் விழுந்தது. துடைத்து எடுத்து வந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் அது திறக்கவில்லை. இருவரும் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பாய் கடைக்குப் போனோம்.

"கீழ எங்கனா வுழுந்துச்சாங்க? வுழுந்திருந்தா இன்னொருவாட்டி கரண்டு குடுக்கக்கூடாது, உள்ள கீறிடும்" என்றார் பாய்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"வுழவேயில்ல பாய்" என்றேன்.

நம்பிக் கம்ப்யூட்டரில் செருகினார். தகரத்தில் ஆணி கீறுவதுபோல் சத்தம் வந்தது. உடனே பிடுங்கித் திறந்து காட்டினார். கண்ணாடிபோன்ற தட்டில் வட்டமாக ஒரு கீறல்.

"இனிமே எடுக்க முடியாது. என் கையாலதான் போச்சு, மன்னிச்சிருங்க டீச்சர்" என்றார்.

போன மாதம் இன்னொரு டீச்சரிடம், "அந்த பாய்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க" என்று மனைவி சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

இது அச்சில் வந்தால் அவள் படிப்பாள். அதற்குள் பாயைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டு முறை கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.