நுஹ்மான் நானாவின் கடகட கார்

பல்லேபொலயில் மிளகு, கிராம்பு வாங்கி விற்கிற நுஹ்மான் நானாவுக்கு ஐம்பத்தொரு வயது, நல்ல தொந்தி, இரண்டு கதவு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. ரேஸ் ஓடின பொடியனிடம் வாங்கியது. அதில் அரை மூட்டை மிளகுகூட ஏறாது. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "பின்னால லிமிட்டட் ஸ்லிப் இரிக்கி" என்பார். பின்னால் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அது அடியில், இரண்டு பின்சில்லுக்கும் நடுவில், டிபரன்சலுக்குள் இருக்கிற சாமான்.

சாதாரணக் காரில் ஒரு பின்சில்லு வழுக்கினால் அது மட்டும் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். நானாவின் காரில் டிபரன்சலுக்குள் பிளேட்டுகள் அடுக்காக நெருக்கிப் பிடிக்கும். ஒரு சில்லைத் தனியே சுற்ற விடாது, மற்றதையும் இழுத்துக்கொண்டுதான் போகும். வளைவிலிருந்து வெளியே வரும்போது மிதித்தால் இரண்டும் சேர்ந்து தள்ளும், கார் பாயும். நானா மிதித்து நான் பார்த்ததில்லை. முப்பதைத் தாண்டினால் அவருக்குத் தலை சுற்றும்.

தொல்லையெல்லாம் மெதுவாகத் திரும்பும்போதுதான். வெளிப்பக்கச் சில்லு கூடுதலாக ஓடவேண்டும், பிளேட்டுகள் விடாது, விட்டு விட்டுப் பிடிக்கும். கடக், கடக், கடக். அவர் வீட்டு கேட்டில் முழுசாக ஒடித்துத் திருப்ப வேண்டும். நானா வந்துவிட்டார் என்று தெருவுக்கே தெரியும்.

அவர் மனைவி ஆஸியா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"கல்லொடைக்கிற மெசின்ல நான் கலியாண வீட்டுக்கு வர ஏலாது. றிப்காட கலியாணத்துக்கு முந்தி சத்தம் நிக்கணும். இல்லாட்டி கார் போகணும்."

றிப்கா ஆஸியாவின் தங்கை மகள். கலியாணத்துக்கு மூன்று வாரம். புதுச் சட்டை இறுக்கம் என்று ஆஸியா இனிப்பையே விட்டிருந்த நேரம். கோபம் சும்மாவே கூடுதல்.

நானா தானே வேலையில் இறங்கினார். லொறிக்காரர்கள் செய்கிற மாதிரி ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கில் தூக்கினார், ஏறி உட்கார்ந்தார், ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டு, சத்தம் கேட்கத் தலையை வெளியே நீட்டினார். கார் ஜக்கிலிருந்து குதித்தது. முற்றத்தில் காய்ந்த மிளகின் மேல் ஏறி, வாழை மரத்தைச் சாய்த்துவிட்டு நின்றது.

என் கராஜுக்கு வந்தபோது பம்பரில் இலை தொங்கியது.

"என்ன நானா, தோட்டத்தையும் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்க?"

"சிரிக்க வாணாம் மகேசு. லொறிக்காரன் எல்லாம் ஒத்தச் சில்லத் தூக்கித்தானே பாக்கிறான்?"

"அது லொறி நானா. இதுல ஒண்ணத் தூக்குனா தரையில நிக்கிறதும் சேந்து சுத்தும். ரெண்டையும் தூக்கணும். டிபரன்சலுக்கு என்ன ஒயில் ஊத்துனீங்க?"

"தம்புள்ளையில ஒரு லொறி டிரைவர் தந்த. தேன் மாதிரி, நல்ல தடிப்பு."

"தேனா! பிளேட்டு டிபரன்சலுக்கு வேற ஒயில் இருக்குங்க. அந்த ஆளையே கூட்டிக்கிட்டு வாங்க, அவன் வாயில ஊத்துறேன்."

பழைய ஒயில் வடிகிற வரைக்கும் நானா வேறு கவலை ஒன்றைச் சொன்னார்.

"வீட்டில ஒரு எலி மகேசு. இனிப்புல தொதல் மட்டும்தான் திங்குது. டின்ன மூடி வெச்சா, தொறந்து திண்டுட்டு, திரும்பவும் மூடிட்டுப் போகுது."

"மரியாதையான எலி," என்றேன்.

"நாலு பொறி வெச்சிட்டேன். ஒண்டிலயும் மாட்டல்ல."

சரியான ஒயிலை ஊற்றினேன். அது பிளேட்டுகளுக்கு நடுவில் போய்ச் சேர வேண்டும் என்றால், காரை எட்டுப் போடுகிற மாதிரி மெதுவாக ஓட்ட வேண்டும். நானா விளையாட்டு மைதானத்தில் எட்டுப் போட்டார். பத்து எட்டு, இருபது எட்டு. கிரிக்கெட் நின்றுபோனது. வேலியோரம் நின்ற பேக்கரி ஸியாம் கத்தினான்.

"நானா! வூட்டுக்கு வழி தெரியாட்டி சொல்லுங்க, கூட்டிப் போய் விடுறேன்!"

நானா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் ஐந்து எட்டுப் போட்டார். கடக் என்பது டக் ஆனது, பிறகு அதுவும் இல்லை.

அன்று பின்னேரம் கேட்டில் ஒடித்துத் திருப்பினார். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. ஆஸியாவிடம் காட்டப் பெருமையாக உள்ளே போனார்.

ஆஸியா நானாவின் சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக் கிடந்தார். மடியில் தொதல் டின். வாய் நிறைய இருந்ததால் உடனே பேச முடியவில்லை. மூடி பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்தது.

விழுங்கி முடிக்க நேரம் எடுத்தது. முடித்ததும் எரிந்து விழுந்தார்.

"இப்பிடியா வாற? கள்ளன் மாதிரி! மனிசருக்கு ஒரு சத்தம் குடுத்து வரத் தெரியாதா?"

"நீங்கதானே சத்தம் நிக்கணும் எண்டு..."

"இந்தளவுக்கா நிக்கச் சொன்ன?"

மறுநாள் காலையில் நானா என் முன்னால் நின்றார். பழைய லொறி ஒயிலையே திரும்ப ஊற்றச் சொல்லி வீட்டு உத்தரவு. ஊற்றினால் பிளேட்டெல்லாம் நாசமாகும், முடியாது என்று ஏசி அனுப்பிவிட்டேன்.

கலியாணத்துக்கு ஆஸியா அந்தக் காரில்தான் போனார். சட்டையைத் தையல்காரி இரண்டு விரல் பிரித்து விட்டாளாம். காரை விற்கிற பேச்சே இல்லை. நானா இப்போது கேட்டுக்கு வந்தால் மூன்று தரம் ஹோர்ன் அடித்து, நூறு எண்ணிவிட்டுத்தான் உள்ளே திருப்புகிறார். பொறி நாலையும் எடுத்துவிட்டார். எலி சுகமாக இருக்கிறது.