மைக்செட் சிட்டிபாபுவின் தொண்டை

கருட சேவைக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையைக் கொண்டுவந்து விட்டால், சிட்டிபாபு முதலில் பேர் கேட்கமாட்டார். ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டி, "இது என்னாம்மா, சொல்லு" என்பார். ‘வாயப்பயம்’ என்றால் இந்தப் பக்கத்துப் பிள்ளை. ‘வாளப்பளம்’ என்றால் தெற்கே. ‘அரட்டிப் பண்டு’ என்றால் தெலுங்கு பேசும் வீடு. பிள்ளை பழத்தைத் தின்று முடிப்பதற்குள் அவர் மைக்கைத் தட்டி, அந்த ஊர்க்காரராகவே மாறிக் கூப்பிடத் தொடங்கிவிடுவார்.

சின்ன காஞ்சிபுரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். ஒல்லி உடம்பு, கன்னத்தில் எந்நேரமும் ஒரு கிராம்பு. கல்யாண வீடுகளில் ரெக்கார்டு போடுவதோடு சரி, வாயைத் திறக்கமாட்டார். "கருட சேவைக்கு வோணும்பா இந்தத் தொண்ட" என்பார். பெரிய பாகவதர் என்ற நினைப்பு என்று சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்த வைகாசிக் கருட சேவையில் அங்கே இல்லை.

கான்ஸ்டபிள் ராஜவேலு தூக்கிவந்த பெண்குழந்தைக்கு மூன்று வயது இருக்கும். பேர் அம்சா. பழத்தைப் பார்த்து ‘வாயப்பயம்’ என்றது. அதற்குமேல் அதற்கு எதுவும் தெரியவில்லை. சிட்டிபாபு ஊர்ப் பேச்சில் கூப்பிட்டார், புத்தகத் தமிழில் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறி, ஜனம் பஸ்ஸுக்கு ஓடத் தொடங்கியது. கூட்டம் கலைந்துவிட்டால் அந்தத் தாயை எந்த ஊரில் போய்த் தேடுவது?

"இவ்ளோ சத்தம் அவங்க காதுல கேக்காமயா இருக்கும்?" என்றார் ராஜவேலு.

"கேக்கும்பா. ஆனா கூட்டத்துல எல்லாமே எரைச்சல்தான். வூட்டுக் குரலு கேட்டாத்தான் கால் நிக்கும்."

குழந்தையின் முன்னால் குந்தினார். "அம்மா உன்ன எப்டிம்மா கூப்புடும்?"

"அம்சோவ்!" என்று உரக்கக் கத்தியது குழந்தை. நிறுத்தியது. "வா." மறுபடி நிறுத்தியது. "சோறு."

சிட்டிபாபு கண்ணை மூடிக்கொண்டார். "தறி வூட்டுக் கொயந்தபா இது."

தறி ஓடும் வீட்டில் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் கிடைக்கும் சந்தில்தான் பேச்சு நுழைய முடியும், அதுவும் உரத்த குரலில். தாய் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, பிள்ளையின் நாக்கும் அப்படியே படிந்திருந்தது.

மைக்கைக் கிட்டே இழுத்தார். உள்ளங்கையால் மேசையில் ஓர் அடி. "அம்சோவ்!" இன்னோர் அடி. "வா!" இன்னோர் அடி. "சோறு!" ஐம்பது வயது ஆண்பிள்ளையின் தொண்டையிலிருந்து, அவர் கண்ணாலும் பார்த்திராத ஒரு பெண் புறப்பட்டு வந்து சன்னதித் தெரு முழுக்க நிறைந்தாள். ராஜவேலுவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாருக்குத்தான் கூச்செறியாது! மந்திரம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

ஜனத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். மகளைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. விடியற்காலையிலிருந்து கத்திக் கத்திக் குரலே போய்விட்டிருந்தது. குழந்தையோ ராஜவேலுவின் தோளில் இருந்தபடி, புளியமரத்தில் கட்டிய ஹாரன் ஸ்பீக்கருக்குள் அம்மா இருக்கிறாள் என்று அதை நோக்கிக் கையை நீட்டி அழுதுகொண்டிருந்தது. பின்னால் நிற்கும் தாய் அதற்குத் தெரியவில்லை.

சிட்டிபாபு மைக்கை அணைத்தார். எழுந்து வந்து, தாயின் முதுகுக்குப் பின்னால் குனிந்து மறைந்துகொண்டு, தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, மெல்லக் கூப்பிட்டார்.

"அம்சோவ்… வா."