நெட்டையனும் கட்டையனும் அண்ணாவும்

அண்ணாவும் நானும் இரண்டு வருடங்களாகப் பேசவில்லை. அம்மாவின் செத்தவீட்டில் நான் கேட்ட ஒரு கேள்விதான் காரணம். பனிப்புயலில் விமானம் பிந்தி, பெட்டியை மூடிய பிறகுதான் அண்ணா நாட்டின் மேற்கே இருக்கும் கல்கரியிலிருந்து வந்து மண்டபத்துக்குள் நுழைந்தார். எல்லாருக்கும் முன்னால், "நீங்களும் ஒரு பிள்ளையோ?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த நாளே அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதன்பிறகு எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எழுதியதையெல்லாம் அனுப்பாமலே அழித்தேன்.

போன ஜூன் மாதம், தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் கல்லூரி இளைஞர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் நகரத்து அணிக்கு ஒரு கார்ட் தேவைப்பட்டான். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன். வேலைத்தலத்தில் எல்லார் வாயிலும் இரண்டு பெயர்கள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரின் ஆட்டங்களையும் ஃபோனில் பார்த்தேன். ஒருவன் நெட்டை, நிதானக்காரன். பந்தை எறியும்போது அவன் முழங்கை ஒருபோதும் விலகாது. ஆனால் பந்தைக் கனநேரம் கையிலேயே வைத்திருப்பான். மற்றவன் கட்டை. மலைபோல நிற்பவர்களுக்கிடையில் புகுந்து, விழுந்து, எழும்பி ஓடுவான். திரும்பிப் பார்க்காமலே சரியான ஆளிடம் பந்தைக் கொடுப்பான்.

அண்ணாவும் அப்படித்தான் விளையாடுவார். ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் வலையில்லாத ஒரு கூடை இருந்தது. பள்ளிக்கூட அணியின் கார்ட் அவர்தான், அணியிலேயே ஆகக் கட்டையும் அவர்தான். கூடைக்குக் கீழே நின்று, கை விறைக்கும்வரை நான் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பேன்.

அன்று எழுதியதை அழிக்கவில்லை. "நெட்டையனோ, கட்டையனோ?" என்று மட்டும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "நெட்டையன்."

அந்த ஒரு சொல்லைப் பார்த்தபடி, சாமான் வாங்கப் போன கடைக்கு முன்னால் காருக்குள் கனநேரம் இருந்தேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் வாதம்தான். நான் வீடியோ அனுப்புவேன், அவர் குறை சொல்லுவார். ஒரு பின்னேரம் அவரே அழைத்தார்.

"உனக்கென்னடி விசரே? உந்தக் கட்டையன் பெரிய ஆக்களை எப்பிடித் தடுப்பான்?"

"அவன் பந்து குடுக்கிறதைப் பாருங்கோ அண்ணா. நெட்டையன் அப்பிடிக் குடுப்பானோ?"

"குடுக்கமாட்டான். ஆனா நெட்டையன் பிழை விட்டா மன்னிப்பாங்கள். கட்டையனை மன்னிக்கமாட்டாங்கள்."

"நீங்களும் கட்டைதானே?"

தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் குறைப்பது கேட்டது.

"அதாலைதான் சொல்லுறன். யூனிவர்சிற்றி பாஸ்கற்போல் ரீமிலை சேர நான் போய்க் கேட்டது உனக்குத் தெரியாது. நல்லா விளையாடுறாய், உயரம் காணாது எண்டு அனுப்பிவிட்டாங்கள். படிப்புக்கு நேரமில்லை, விட்டிட்டன் எண்டு வீட்டை சொன்னன்."

அந்த வருடம் கூடைக்குக் கீழே நான் தனியே போய் நின்றதும், அவர் வரவில்லையென்று ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்ததும் ஞாபகம் வந்தன. ஏன் வரவில்லையென்று அப்போதும் நான் கேட்கவில்லை.

டிராஃப்ட் நாளன்று ஃபோனைக் காதில் வைத்தபடி இருவரும் பார்த்தோம். நெட்டையன் தொடக்கத்திலேயே வேறொரு அணிக்குப் போய்விட்டான். எங்கள் அணி இருவரையும் விட்டு வேறு யாரோ ஒரு தடியனை எடுத்தது. இருவரும் சேர்ந்து திட்டினோம். முதல் சுற்றோடு அன்றைய தெரிவு முடிந்தது. கட்டையனை ஒருவரும் கூப்பிடவில்லை.

மறுநாள் இரண்டாம் சுற்று. என் தொலைக்காட்சி அண்ணாவுடையதைவிடச் சில வினாடிகள் முந்தி ஓடியது. கடைசிக்குக் கிட்ட, கட்டையனின் பெயரை முதலில் கேட்டவள் நான். வாயைப் பொத்திக்கொண்டேன். அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"எடுத்திட்டாங்கள்! எடுத்திட்டாங்களடி!"

மூன்று கிழமையாக அவனுக்கு எதிராக வாதாடியவர் விம்மி அழுதார்.

"அண்ணா, அண்டைக்கு நான் கேட்டது பிழை," என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒருக்கா வாங்கோவன்."

"நீ சொன்னதுக்காக வராமல் இருக்கேல்லை. அம்மா இல்லாத வீட்டுக்கு எப்பிடி வாறது எண்டு தெரியேல்லை."

"நான் இருக்கிறன்."

"ஓம்," என்றார். பிறகு, "பாப்பம்."

இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிறோம். கட்டையன் இப்போது, எடுத்த அணி பழக அனுப்பிய சின்ன லீக் ஒன்றில் விளையாடுகிறான். அண்ணா ஓர் ஆட்டமும் தவறவிடுவதில்லை. வேலைக்குப் போகும் வழியில் தாழப் பறந்து இறங்கும் விமானங்களைக் காணும்போதெல்லாம், இதில் எது மேற்கிலிருந்து வருகிறது என்று யோசிக்கிறேன். போன கிழமை பேச்சுக்கு நடுவில் அவர் திடீரென்று கேட்டார்.

"உங்கை இப்ப குளிரே? எனக்குப் பெரிய ஜாக்கெற் வேணுமோ?"

"ஓம் அண்ணா, கொண்டு வாங்கோ," என்றேன்.

எந்த நாள் என்று அவர் சொல்லவில்லை. கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.